முதலைக்கும் செவி உண்டு

விலங்குகளின் அறிவைப் பற்றிப் பேச்செழுந்தால் யானை, நாய், குரங்கு, கிளி என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குவோம். அந்த வரிசையில் முதலைக்கு இடமே கிடையாது. நம் மொழி அதற்கு அளித்திருப்பவை முதலைப் பிடியும் முதலைக் கண்ணீரும்தாம்! ஒன்று பிடிவாதத்திற்கு, மற்றொன்று பொய்யழுகைக்கு. அமராவதி நகர்ப் பகுதியில் வாழும் நாமாவது இத்தீர்ப்பை மறுபடி விசாரிக்க வேண்டாமா?

அமராவதி நீர்த்தேக்கத்திலும், அதில் வந்து சேரும் சின்னாறு, தேனாறு, பாம்பாறு ஆகியவற்றிலும் சதுப்புநில முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன. ஒரு காலத்தில் தோலுக்காக இவ்வினத்தை மனிதர் கொன்று குவித்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1975-இல் தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டமும் அதைத் தடுத்தன. 1976-இல் நம் அணையருகே முதலைப் பண்ணை அமைந்தது. நீர்த்தேக்கத்தின் கரையோரங்களில் முட்டைகளைச் சேகரித்துப் பண்ணையில் குஞ்சு பொரிக்கச் செய்தார்கள்.

பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூரிலிருந்தும் உடுமலையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக அணைக்கு வருவதைப் பார்க்கிறோம். முதலைகள் உள்ள இடங்களில் எல்லாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இது உயிரோடு இருக்கிறதா, சிமெண்டுப் பொம்மையா?” கேட்டவர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை, ஒரு கல்லை எடுத்து வீசிச் சோதித்துவிடுகிறார். அசையாமல் கிடப்பது மந்தம் அன்று. தன் உடலில் போதிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி அது. வெயிலில் காய்ந்துதான் சூடேற்றிக்கொள்ள வேண்டும். சூடு மிகுந்தால் வாயைத் திறந்து தணித்துக்கொள்கிறது.

ஆனால் அதன் உண்மையான திறமை வாயில் இல்லை, செவியில் இருக்கிறது. தாய் முதலை கரையில் குழி தோண்டி ஏறத்தாழ இருபத்தைந்து முப்பது முட்டைகளை இட்டு, மண்ணால் மூடிவிடுகிறது. சுமார் இரண்டு மாதம் அவ்விடத்தைச் சுற்றியே காவல். பொரியும் நேரம் நெருங்கியதும் குஞ்சுகள் முட்டைக்குள் இருந்தபடியே குரல் கொடுக்கின்றன. மண்ணுக்கடியிலிருந்து வரும் அந்த மெல்லிய ஒலியைக் கேட்டுத் தாய் முன்னங்கால்களால் குழியைத் தோண்டுகிறது. வெளிவர முடியாமல் தவிக்கும் குஞ்சு இருந்தால் முட்டையை வாயில் எடுத்து, நோகாமல் அழுத்தி ஓட்டை உடைத்துக் கொடுக்கிறது. பிறகு குஞ்சுகளை வாயிலேயே சுமந்து நீரில் கொண்டுபோய் விடுகிறது. எலும்பை நொறுக்கும் தாடைக்கு இத்தனை பக்குவம் எங்கிருந்து வந்தது! சென்னை முதலைப் பண்ணையில் ஆண் முதலையும் இப்பணியில் பங்கு கொள்வதைக் கண்டு 1986-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். (தந்தையரும் இம்மலரைப் படிப்பார்கள் என்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.)

இதெல்லாம் தற்செயலாக இருக்கலாமே என்று ஐயுறுவோருக்கு 2008-இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் விடை தந்தார்கள். நைல் முதலைக் குஞ்சுகள் முட்டைக்குள் எழுப்பும் குரலைப் பதிவு செய்து மற்ற முட்டைகளுக்குப் போட்டுக் காட்டினர். அவையும் பதில் குரல் கொடுத்துப் பொரியத் தொடங்கின. வெறும் இரைச்சலைப் போட்டபோது அப்படி நிகழவில்லை. தாய்களும் குஞ்சுக் குரலைக் கேட்டே மண்ணைத் தோண்டின. ஆக, உடன்பிறந்தவை சேர்ந்து வெளிவரவும், தாயை அழைக்கவும் அது ஒரு மொழி.

கற்றுக்கொள்ளும் ஆற்றலும் உண்டு. சென்னைப் பண்ணையில் பெயர் சொல்லி அழைத்தால் வரும்படி முதலைகளைப் பழக்கியிருக்கிறார்கள். பறவைகள் கூடு கட்டக் குச்சி தேடும் காலத்தில், மூக்கின்மேல் குச்சியைத் தாங்கி முதலைகள் காத்திருப்பதாகவும் ஓர் ஆய்வு கூறியது. அது வேண்டுமென்றே செய்யும் தந்திரமா என்பதில் வேறு ஆய்வாளர்கள் கருத்து மாறுபடுகின்றனர். அந்த வழக்கு முடியட்டும். முட்டைக்குரல் ஒன்றே நமக்குப் போதும்.

ஏனெனில் நம் கவலை அதைப் பற்றியதுதான். தென்னிந்தியாவில் இம்முட்டைகள் பெரும்பாலும் பொரிவது ஏப்ரல் முதல் ஜூன் வரை. அதாவது நம் கோடை விடுமுறை! அணைக்குக் கூட்டம் பெருகும் காலமும் அதுவே. கரையோரம் இறங்கி ஒலிபெருக்கியில் பாட்டு வைத்து ஆடினால், தாய் விலகிப் போய்விட்டால், இறுகிய மண்ணுக்குள் கூப்பிடும் குஞ்சுகளுக்கு யார் குழி தோண்டுவார்?

“ஆளை விழுங்கும் பிராணிக்கு இவ்வளவு பரிவா?” என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். அது ஆபத்தான பிராணி என்பதை நாமும் மறுக்கவில்லை. கூட்டைக் காக்கும் தாயிடம் நெருங்குவது உயிருக்கே கேடு. ஆகவே கரையை விட்டு விலகி நிற்பது நமக்கும் நல்லது, அதற்கும் நல்லது. ஒரே விதி இரு தரப்பையும் காக்கும்போது தயக்கம் எதற்கு?

அருட்சகோதரிகளிடம் எங்கள் விண்ணப்பம் இதுதான்: அடுத்த சுற்றுலாவில் ஒலிபெருக்கி பஸ்ஸிலேயே இருக்கட்டும். பண்ணைக்குள் நுழையுமுன் ஒவ்வொரு வகுப்புத் தலைவியும் தன் வரிசையின் கைகளைப் பார்க்கட்டும், கல் இருக்கிறதா என்று. கால் மணி நேரம் பேசாமல் நிற்போம். நம் வகுப்புகளுக்கு அது கடினமான தேர்வுதான். கணக்குப் பரீட்சையை விடவும்!