மேட்சிங் ஜாக்கெட்டும் நிரம்பி வழியும் பீரோவும்

திருநெல்வேலியில் ஏதாவது ஒரு நடுத்தர வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். மேல் தட்டிலிருந்து நாலு சேலை சரிந்து காலில் விழும். அதே வீட்டுப் பெண் மறுநாள் காலையில் அதே பீரோ முன்னால் நின்றுகொண்டு "உடுத்த ஒண்ணுமே இல்ல" என்பாள். வீட்டு ஆண்களுக்கு இது பெரிய நகைச்சுவை. உண்மையில் அவள் சொல்வதில் தப்பே இல்லை. பீரோவில் இருப்பதெல்லாம் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் பால்காய்ப்புக்கும் கோயில் கொடைக்கும் எடுத்தவை. செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்கால் பஸ்ஸுக்கு எடுத்தது எதுவும் அங்கே இல்லை.

நம்ம ஊரில் ஜவுளி எடுப்பது என்பதே ஒரு விசேஷம். ஆரெம்கேவி 1924-ல் நெல்லையில் ஆரம்பித்த கடை. நூறு வருஷமாகத் தென்மாவட்டத்துக் கல்யாண வீட்டுக்காரர்கள் வேன் பிடித்து ஜவுளி எடுக்க வருகிற ஊர் இது. அந்தப் பழக்கத்தில் பெரிய பணம் எல்லாம் பட்டுக்குப் போகும். மிச்சம் இருக்கிற சில்லறையில் "வீட்டுக்கு ரெண்டு, வெளிய போக ரெண்டு" என்று ஏதோ கையில் கிடைத்தது வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பட்டு நாலு தடவை கட்டப்படுகிறது என்றால் ஒரு தடவைக்கு மூவாயிரம். தொள்ளாயிரம் ரூபாய் பருத்திச் சேலையைத் தொண்ணூறு தடவை கட்டினால் ஒரு தடவைக்குப் பத்து ரூபாய். ஆனால் பட்டு எடுக்கும்போது மூன்று மணி நேரம் உட்கார்ந்து புரட்டிப் பார்க்கிறவர்கள், அந்தப் பத்து ரூபாய்ச் சேலையை மூன்று நிமிடத்தில் எடுத்துவிட்டு வருவார்கள். முன்னூறு நாள் எந்தத் துணியில் நடமாடப் போகிறோமோ அதற்கு யோசனையே கிடையாது! (அந்தப் பட்டையும் கடைசியில் தெருவில் வருகிற வியாபாரியிடம் போட்டுவிட்டு ஒரு எவர்சில்வர் குடம் வாங்குகிறோம். அது வேறு கதை.)

கொஞ்சம் துணி வைத்துக்கொண்டு நிறைய விதமாக உடுத்தலாம் என்ற யோசனையை 1970-களில் லண்டனில் துணிக்கடை வைத்திருந்த சூசி ஃபோ என்ற பெண்மணி பிரபலப்படுத்தினார். 1985-ல் நியூயார்க்கின் டோனா கரன் ஏழே ஏழு உருப்படிகளில் ஒரு வேலைக்குப் போகும் பெண்ணின் அலமாரியை முடித்துக் காட்டினார். அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே வந்தால் வேலைக்கு ஆகாது. மே மாதம் பாளையங்கோட்டையில் கோட்டு போட்டுக்கொண்டு யார் நடக்கிறது? பட்டியலை விட்டுவிடலாம், அதற்குப் பின்னால் இருக்கிற பெருக்கல் கணக்கு மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும். அந்தக் கணக்கை நம்ம ஊரில் கெடுத்து வைத்திருப்பது ஒரே ஒரு வார்த்தை: மேட்சிங்.

ஒவ்வொரு சேலைக்கும் அதே நிறத்தில், ஒரு நூல் கூட மாறாமல் ஒரு ஜாக்கெட். அதற்கென்று தனியாக மேட்சிங் சென்டர்கள். பத்து சேலைக்குப் பத்து ஜாக்கெட் தைத்தால் கிடைப்பது பத்தே விதம். அதற்குப் பதிலாக நன்றாகத் தைத்த மூன்று ஜாக்கெட் போதும். கறுப்பு ஒன்று, அரக்கு ஒன்று, சந்தன நிறம் ஒன்று. இந்த மூன்றோடும் போகிற மாதிரி பத்து சேலையைத் தேர்ந்தெடுத்தால் முப்பது விதம். எல்லாமே ஒத்துப்போகாது என்று பாதியைக் கழித்தாலும் பதினைந்து மிஞ்சும். இன்னொரு விஷயம்: உடம்பு எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. பரீட்சைக் காலம், பிரசவம், தைராய்டு என்று ஏறும், இறங்கும். அப்போது மூன்று ஜாக்கெட்டைப் பிரித்துத் தைப்பதும் பத்து ஜாக்கெட்டைப் பிரித்துத் தைப்பதும் ஒன்றா? சேலை ஐந்தரை மீட்டர், யாருக்கும் சேரும், எந்த வயதிலும் சேரும். சிக்கல் எல்லாம் அந்த எண்பது சென்டிமீட்டர் ஜாக்கெட் துணியில்தான்.

சுடிதாருக்கும் இதே கதைதான். செட்டாகவே எடுத்து செட்டாகவே போட்டால் மூன்று செட் மூன்று நாளைக்கு. மூன்று டாப், இரண்டு பேன்ட், இரண்டு துப்பட்டா என்று பிரித்து எடுத்தால் பன்னிரண்டு.

ஜாக்கெட்டைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்பவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்துச் சரித்திரத்தைக் கொஞ்சம் படிக்கலாம். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மாரை மறைத்துத் துணி போடுவதற்காக 1820-களில் தொடங்கி 1859 வரை போராட வேண்டியிருந்தது. சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். 1859-ல் மன்னர் ஆணை வந்தபோதும் "ரவிக்கை போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி போடக்கூடாது" என்ற வாலோடுதான் வந்தது. பக்கத்து மண்ணில் உயிரைக் கொடுத்து வாங்கின உடுப்பு அது. அது தோளில் ஒழுங்காக உட்கார வேண்டும் என்று ஒரு பெண் நினைப்பதில் என்ன அல்பத்தனம்?

ஆனால் ஒழுங்காக உட்காருவதில்லையே! காரணம் எளிது. டைலரிடம் போனால் அளவு எடுப்பது குறைவு, "அளவு ஜாக்கெட் கொண்டு வந்தீங்களாக்கா?" என்பார். வீட்டில் இருப்பதிலேயே கொஞ்சம் தேவலாம் என்று ஒன்றைக் கொடுப்பார்கள். அதில் தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கும், கை தூக்கினால் கக்கத்தில் இழுக்கும். அந்தக் குறை அப்படியே அடுத்த ஜாக்கெட்டுக்குப் போகும். அதுவே அளவு ஜாக்கெட்டாகி அதற்கடுத்ததுக்குப் போகும். இப்படிப் பத்து வருஷமாக ஒரே தப்பைச் சுமந்துகொண்டு, "எனக்குச் சேலை கட்டினா நல்லா இல்ல" என்று தன் உடம்பைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிற பெண்கள் எத்தனையோ. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நேரில் நின்று அளவு கொடுத்து, ஒன்றைத் தைத்துப் போட்டுப் பார்த்து, பிடிக்காத இடத்தைச் சரிசெய்து, அதை அளவு ஜாக்கெட்டாக வைத்துக்கொண்டால் போதும். உள்ளே இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் துணி விட்டுத் தைக்கச் சொல்ல வேண்டும். ஒல்லியாகக் காட்டும் கோடு, உயரமாகக் காட்டும் சின்ன பார்டர் என்று பத்திரிகைகளில் வரும் குறிப்புகள் எல்லாம் இதற்கு அப்புறம்தான். தோள் சரியாக இருந்தால் பாதிக் குறிப்புகளுக்கு வேலையே இல்லை.

அடுத்தது நிறம். கடைக்குப் போனதும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அக்கா, உங்க கலருக்கு இது எடுக்காதுக்கா" என்று மஞ்சளை உள்ளே வைத்துவிட்டு வெளிறின ரோஸை எடுத்துப் போடுவார் விற்பனையாளர். இதைக் கேட்டுக் கேட்டே நம் பெண்கள் பாதி நிறங்களைத் தொடாமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் பெரும்பாலானவர்கள் கறுப்பு அல்லது மாநிறம். இந்த ஊர்க் கிழவிகள் கட்டின சேலைகளை நினைத்துப் பாருங்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம். காதில் பாம்படத்தோடு அவர்கள் நடந்து வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். கறுத்த தோலுக்கு அழுத்தமான நிறம்தான் எடுப்பு. வெளிறின நிறங்கள்தான் முகத்தைச் சோர்வாகக் காட்டும். சந்தேகம் இருந்தால் துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடை விளக்கில் தெரிகிற நிறமும் வெயிலில் தெரிகிற நிறமும் ஒன்றல்ல.

துணி எதில் என்பதில் ஒரு நேர்மையான சண்டை இருக்கிறது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் பருத்திதான் சரி என்று சொல்வது சுலபம். பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம் கூட வைத்துக்கொள்ளாது. அதனால்தான் பூனம் சேலையில் வியர்வை உடம்பிலேயே நிற்கிறது. ஆனால் பெண்கள் என்ன முட்டாள்தனத்தாலா பூனத்துக்குப் போனார்கள்? பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட வேண்டும், உதறிக் காயப்போட வேண்டும், இஸ்திரி போட வேண்டும். காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று பேருக்குச் சாப்பாடு கட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்கு, துவைத்து உதறினதும் கட்டிக்கொள்கிற சேலை தெய்வம் மாதிரி. பருத்தியின் பெருமை பேசுகிற ஆண்கள் வாரம் ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தால் பேச்சுக்கு மரியாதை இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் மூன்று நாள் காயாத துணிக்கு என்ன பதில்? அந்த இரண்டு மாதத்துக்குப் பாலியஸ்டர் கலந்தது இரண்டு இருக்கட்டும், தப்பில்லை. பங்குனி சித்திரைக்கு மட்டும் அதை உள்ளே வைத்துவிட வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உள்ளூர்த் தறியைச் சொல்லாமல் விட முடியாது. அம்பாசமுத்திரம் ரோட்டில் வீரவநல்லூர், அதைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சி. (கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம் மட்டும்தான் ஞாபகம் வருகிறது பலருக்கு!) வீரவநல்லூரில் சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்கிற செடிபுட்டா சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில்தான் கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கும் ஜடேரி நாமக்கட்டிக்கும் கிடைத்தது. செயற்கைப் பட்டும் பருத்தியும் கலந்து, செடியும் பூவுமாகப் புட்டா போட்டு நெய்வது. பட்டு மாதிரி பளபளப்பு உண்டு, பட்டின் கனம் கிடையாது. காலையில் ஆபீஸ், சாயங்காலம் கல்யாண வரவேற்பு என்று ஒரே நாளில் இரண்டு இடத்துக்கும் போகத் தகுந்த சேலை. முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இது நெய்யப்படுகிறது என்று பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவிகளைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? பனாரஸி தெரியும், போச்சம்பள்ளி தெரியும். தினப்படிக்கு இன்னும் மலிவாக வேண்டுமென்றால் சங்கரன்கோவில் விசைத்தறிப் பருத்திச் சேலை இருக்கிறது. 2019-ல் மாவட்டம் பிரிந்து தென்காசிக்குப் போய்விட்டது என்றாலும் பஸ் அதே பஸ்தான்.

வேலைக்குப் போகும் பெண் எதை உடுத்தலாம் என்று முடிவு செய்ய ஊரில் எல்லோருக்கும் ஆசை. 2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு ஜீன்ஸ், டி-ஷர்ட் கூடாது என்றது. 2019-ல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்குப் போட்ட உத்தரவில் சேலை அல்லது துப்பட்டாவோடு சுடிதார் என்று வந்தது. இந்த உத்தரவு போடுகிறவர்களில் யாரும் பாக்கெட்டைப் பற்றி ஒரு வரி எழுதினதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்து ஆச்சிக்கு இடுப்பில் சுருக்குப் பை இருந்தது. பேத்திக்கு ஐம்பதாயிரம் ரூபாய் போன் இருக்கிறது, வைக்க இடம் இல்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ்ஸில் தொங்குகிறாள். டாப் தைக்கும்போது பக்கத் தையலில் ஒரு பாக்கெட் வைக்கச் சொன்னால் டைலர் கொஞ்சம் முறைப்பார், வைத்துத் தருவார்.

பாபநாசம் படித்துறைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். குளித்துவிட்டுப் பாவம் தொலையட்டும் என்று கட்டின துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். தன்னார்வலர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக வாரிக் கொட்டுகிறார்கள். நைந்த பருத்தி கொஞ்ச நாளில் மக்கிவிடும். பாலியஸ்டர் பாறை இடுக்கில் அப்படியே கிடக்கும். மலிவு என்று ஆறு சேலை வாங்கி, இரண்டே தடவை கட்டி, பிடிக்காமல் ஒதுக்கிய துணிக்கும் பாதி நேரம் இதே கதிதான். ஒன்று பரிகாரம் என்ற பெயரில் ஆற்றுக்குப் போகும், இல்லாவிட்டால் ஊர்க் குப்பைக்கு.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். துணியை ஆடித் தள்ளுபடியில் எடுத்து ஆவணிக்குள் தைக்கக் கொடுத்துவிட வேண்டும். புரட்டாசி பிறந்துவிட்டால் எந்த டைலரும் நின்று அளவு எடுக்க மாட்டார். "அளவு ஜாக்கெட்டை வச்சிட்டுப் போங்கக்கா, தீபாவளிக்கு முந்தின நாள் வாங்க" என்பார்.