பெயரைச் சொல்லி வாங்குவதா, தேவையைச் சொல்லி வாங்குவதா?



அண்மையில் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவைக் கூட்டத்தில், கணினிக் கூடத்திற்குப் புதிய கணினிகள் வாங்குவது பற்றிய பேச்சு எழுந்தது. விருந்து நிகழ்ச்சி, நன்கொடை என்று ஓராண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. கடைகளுக்கு விலை கேட்டு அனுப்பும் கடிதத்தில் "இன்டெல் நுண்செயலி மட்டும்" என்று எழுதிவிடலாம் என்றார் ஒரு தந்தை. "அதுதானே சார் அசல்? மற்றது எல்லாம் நகல்தானே?" என்றும் கேட்டார். பலர் தலையசைத்தனர். நான் மறுத்தேன். மறுப்புக்கான காரணத்தை அங்கே ஐந்து நிமிடத்தில் விளக்க இயலவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். (செயலி என்று எழுதினால் மாணவர்கள் கைப்பேசிச் செயலியை எண்ணிக்கொள்கிறார்கள். எனவே நுண்செயலி என்றே எழுதுகிறேன்.)

முதலில் இந்த அசல், நகல் பேச்சைப் பார்ப்போம். இன்டெல் 1968இல் தொடங்கப்பட்டது, ஏ.எம்.டி. அதற்கு அடுத்த ஆண்டிலேயே தோன்றியது. இரண்டையும் தொடங்கியவர்கள் பேர்சைல்ட் என்னும் ஒரே நிறுவனத்திலிருந்து வெளியேறியவர்கள். 1981இல் ஐ.பி.எம். தன் கணினிக்கு இன்டெலின் 8088 நுண்செயலியைத் தேர்ந்தெடுத்தபோது, ஒரே உற்பத்தியாளரை மட்டும் நம்பியிருக்க அது விரும்பவில்லை. அதனால் 1982இல் ஏ.எம்.டி.க்கும் அதே வடிவமைப்பைச் செய்யும் உரிமம் கிடைத்தது. நகல் என்ற பெயர் அந்நாளில் ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். 386 வந்தபோது இன்டெல் அதன் வடிவமைப்பைத் தர மறுத்தது. வழக்காடலுக்கிடையே 1991இல் ஏ.எம்.டி. தன் 386ஐ வெளியிட்டது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2003இல், பழைய மென்பொருள்களும் தடையின்றி இயங்கும் வகையில் 64 பிட் கட்டளைத் தொகுதியை வகுத்து முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஏ.எம்.டி. மறு ஆண்டே இன்டெல் அதனைப் பின்பற்றியது. இன்று இன்டெல் ஒட்டுவில்லை தாங்கிய கணினியும் அந்தக் கட்டளைத் தொகுதியைக் கொண்டுதான் இயங்குகிறது. அப்படியானால் யார் அசல், யார் நகல்?

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது அதற்குப் பிந்திய பத்தாண்டுகள். 2006ஆம் ஆண்டு இறுதியில் இன்டெல் நான்கு கருக்கள் கொண்ட மேசைக்கணினி நுண்செயலியை வெளியிட்டது. 2011இல் ஏ.எம்.டி. பெரிதாக நம்பிய புல்டோசர் வடிவமைப்பு எதிர்பார்த்த வேகத்தைத் தரவில்லை. அந்நிறுவனமே நிலைக்குமா என்ற ஐயம் எழுந்தது. போட்டியாளர் தளர்ந்து கிடந்த அந்நாள்களில், சாதாரண மக்கள் வாங்கும் வரிசையில் இன்டெல் நான்கு கருக்களைத் தாண்டவே இல்லை. எட்டுக் கருக்கள் வேண்டுமென்றால் விலையுயர்ந்த தனி வரிசையில் வாங்க வேண்டும். 2016இல் அதன் விலை 1,000 அமெரிக்க டாலருக்கும் மேல். 2017 மார்ச்சில் ஏ.எம்.டி.யின் ரைசன் வந்தது. எட்டுக் கருக்கள் கொண்ட ஒரு வகை 329 டாலருக்கு விற்றது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெலின் பொது வரிசையில் ஆறு கருக்கள், 2018இல் எட்டு! இன்டெலின் பொறியாளர்கள் ஏழே மாதத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொண்டிருக்க முடியாது. இயலாமல் இருந்தவர்கள் அல்லர் அவர்கள். கொடுக்க வேண்டிய தேவை இல்லாமல் இருந்தவர்கள்.

நான் ஏ.எம்.டி.யின் முகவன் அல்லன். 2020இல் தன் கை ஓங்கியதும் அதுவும் புதிய வரிசையின் விலையை 50 டாலர் ஏற்றியது. ஆகவே இதில் நல்லவர், தீயவர் என்று பிரித்துப் பார்ப்பது வீண்.

பினாங்குக்காரர்களுக்கு இவ்விரு பெயர்களும் புதியன அல்ல. இரு நிறுவனங்களுமே 1972இல் பாயான் லெப்பாசில் ஆலை திறந்தன. அமெரிக்காவில் ஒன்றை ஒன்று நீதிமன்றத்திற்கு இழுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலும், இங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வெவ்வேறு தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறி இரண்டுக்கும் வேலைக்குப் போனார்கள். ஏ.எம்.டி. தன் பினாங்கு ஆலையின் 85 விழுக்காட்டுப் பங்கை 2016இல் ஒரு சீன நிறுவனத்திற்கு விற்றுவிட்டாலும், வேலை இன்றும் நடக்கிறது.

இனிக் கடிதத்திற்கு வருகிறேன். கொள்முதல் அறிவிப்பில் வணிகப் பெயரை எழுதுவது சிறிய செய்தியன்று. அரசாங்கக் கொள்முதல்களில் இன்டெல் பெயரைக் குறிப்பிட்டதற்காக 2004இல் ஐரோப்பிய ஆணையம் தன் உறுப்பு நாடுகள் சிலவற்றிடமே விளக்கம் கேட்டது. நம் நிலையில் இன்னொரு இடரும் உண்டு. "இன்டெல்" என்பது ஒரு பொருளின் பெயரன்று. மிக மலிவானது முதல் மிக விலையுயர்ந்தது வரை அப்பெயரில் உண்டு. "இன்டெல் மட்டும்" என்று எழுதிக் கேட்டால், கடைக்காரர் ஆகக் கீழான வகையைத் தந்தாலும் நாம் குறைகூற முடியாது. மாணவர்கள் எதற்குப் பயன்படுத்துவார்கள், எத்தனை கிகாபைட் நினைவகம், திடநிலை வட்டு உண்டா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் பள்ளிக்கே வந்து பார்ப்பார்களா என்பவற்றை எழுதிக் கேட்டால் இரு தரப்பும் விலை சொல்லும். அந்த இடைவெளியில்தான் நம் பணம் மிஞ்சும். ஒரு கணினிக்கு இருநூறு வெள்ளி மிஞ்சினாலும், பதினைந்து கணினிகளுக்கு மூவாயிரம் வெள்ளி. அது நூலகத்திற்கு ஆகும்.

கடிதம் மாற்றி எழுதப்பட்டு மூன்று கடைகளுக்குப் போயிருக்கிறது. அந்தத் தந்தை இன்னும் அரைமனத்துடன்தான் இருக்கிறார். விலைப்பட்டியல்கள் வந்ததும் உறைகளை அவரே பிரித்துப் படிக்கட்டும் என்று செயலவை முடிவு செய்திருக்கிறது.