செவலையை என்ன செய்யப் போகிறோம்?



போன செவ்வாய்க்கிழமை விடிகாலையில், நம் தெரு டிரான்ஸ்பார்மர் அடியில் படுத்திருந்த நாயின் முதுகில் யாரோ வெந்நீரை ஊற்றியிருக்கிறார்கள். யார் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. அந்த நாயைக் கண்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிர் ஓரத்துக்கு மாறாத ஆள் இதை எழுதும் எங்கள் ஏழு பேரிலும் கிடையாது. நாற்றம் அப்படி. முதுகிலும் விலாவிலும் முடி உதிர்ந்து, தோல் சாம்பல் பூத்துத் தடித்துக் கிடக்கிறது. சொறிந்து சொறிந்து காதோரம் ரத்தம் காய்ந்திருக்கிறது. காது மடலைப் புரட்டினால் ஆமணக்கு விதை போல உண்ணி. பிள்ளைகள் அதைப் ‘பேய் நாய்’ என்கிறார்கள்.

அதற்கு ஒரு பெயர் இருந்தது. செவலை. வைத்தவர் புங்க மரத்தடியில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர். மதியம் டிபன் டப்பாவைத் திறந்தால் மூடியில் பாதிச் சோற்றைக் கொட்டி அதற்கு வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் முழங்கால் வலி தாங்காமல் வண்டியை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். வண்டி போனது நம் எல்லோருக்கும் தெரிந்தது. துணி தேய்க்க மெயின் ரோடு வரை நடக்க வேண்டியதாயிற்று. நாய்க்குச் சோறு போனது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே அது பல நாள் படுத்துக் கிடந்தது. அப்புறம் கோழிக்கடைக் கழிவு, குப்பைத்தொட்டி என்று போயிற்று. செவலை நிறம் இன்றைக்கு அதன் வால் நுனியில்தான் மிச்சம்.

இப்போது தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றித்தான் பேச்சு. குட்மார்னிங் படங்களைக்கூடக் காணோம். மூன்று விதமான யோசனைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் நாங்கள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம். எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

‘மாநகராட்சி வண்டியை வரச்சொல்லிப் பிடித்துக்கொண்டு போய் எங்கேயாவது விட்டுவிடச் சொல்லுங்கள்’ என்பது முதல் யோசனை. அந்த எங்கேயாவதிலும் ஒரு தெரு இருக்கும், அங்கேயும் நம்மைப் போல நாலு பேர் வெந்நீரோடு நிற்பார்கள். அது ஒருபுறம் இருக்கட்டும். சட்டமே அப்படி விட அனுமதிப்பதில்லை. 2023-ல் வந்த விலங்குக் கருத்தடை விதிகளின்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22-ம் தேதி உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. வெறிநோயோ அந்தச் சந்தேகமோ உள்ள நாய்களுக்கும் மூர்க்கமாகப் பாயும் நாய்களுக்கும் மட்டும் விலக்கு. சட்டம் இருக்கட்டும், அனுபவம் என்ன சொல்கிறது? சென்னை மாநகராட்சி ஒரு காலத்தில் நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. எத்தனை கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை. ஒரு நாய் காலி செய்த இடத்துக்கு, அங்கே குப்பையும் கோழிக்குடலும் இருக்கும்வரை, இன்னொன்று வந்துவிடும். கருத்தடை வழிக்கு மாநகராட்சி மாறியது 1996-ல்தான். அந்த வழியையும் நாம் ஒழுங்காக நடத்தவில்லை. 2024-ல் எடுத்த கணக்கில் நகரத்தில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். கருத்தடை ஆனவை நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல்.

‘ஒரு ஊசியைப் போட்டு முடித்துவிடலாம், அதற்கும் நிம்மதி நமக்கும் நிம்மதி’ என்பது இரண்டாவது. இதை எங்களில் முதலில் சொன்னவர் நாய் என்றால் ஆகாதவர் இல்லை. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா. ‘வலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது இரக்கமா?’ என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. தீராத நோயோ பிழைக்காத காயமோ இருந்தால், அதை மருத்துவர் உறுதிசெய்தால், வலியில்லாமல் முடித்துவைக்க விதிகளிலேயே இடமிருக்கிறது. ஆகவே கால்நடை மருத்துவரையே அழைத்து வந்து காட்டினோம். அன்றைக்கு அவர் தலையசைத்திருந்தால் இந்த வேண்டுகோளையே எழுதியிருக்க மாட்டோம்.

அவர் தோலைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘இது வெறும் சொறி சார். கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள்ளே வளை தோண்டுது. மருந்து கொடுத்தா ஆறு வாரத்துல தோல் அடங்கும், ரெண்டு மாசத்துல முடி வந்துடும்.’ பல்லைப் பார்த்து வயது ஏழெட்டு இருக்கும் என்றார். வெந்நீர்ப் புண் ஆழமில்லை. இதயம் நன்றாக இருக்கிறது. நர்ஸ் அக்கா ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய், ஒரு பழைய பெட்ஷீட்டோடு திரும்பி வந்தார்.

மூன்றாவது யோசனை, ‘பாவம், வாயில்லா ஜீவன், விட்டுவிடுங்கள்’ என்பது. கேட்க இதமாக இருக்கிறது. எங்களுக்கு மூன்றிலும் மோசமாகப் பட்டது இதுதான். இரண்டு வருடமாக நாம் செய்துகொண்டிருப்பது இதைத்தானே? போகிற போக்கில் இரண்டு பிஸ்கட்டை எறிந்துவிட்டு, புண்ணியம் சேர்ந்துவிட்டது என்று நடந்தோம். செவலையின் காதில் வெட்டு இல்லை. கருத்தடை ஆன நாய் என்றால் காதில் சின்ன வெட்டு இருக்கும். நமக்குத் தெரிந்து அது மூன்று முறை காலிமனையில் குட்டி போட்டிருக்கிறது. மூன்று முறையும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வேடிக்கை காட்டினோம். மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு ஒரு போன் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. குட்டிகளில் பாதி கார் சக்கரத்தில் போயிற்று.

(தேய்பிறை அஷ்டமிக்கு பைரவருக்கு வடைமாலை சாத்துகிறவர்கள் அவர் வாகனத்தை இப்படி விடலாமா என்று எங்களில் ஒருவர் எழுதச் சொன்னார். வேண்டாம் என்று மற்றவர்கள் தடுத்துவிட்டோம். சாமியைக் காட்டி யாரையும் மடக்க விரும்பவில்லை.)

கடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. போன ஆடி மாதம் பால் பாக்கெட் போடுகிற பையனின் கெண்டைக்காலில் கடித்தது செவலைதான். அப்போது குட்டிகள் இருந்தன, காலிமனை ஓரமாக சைக்கிள் போயிற்று என்றெல்லாம் காரணம் சொல்லலாம். கடி கடிதான். விடிகாலை நாலரைக்கு சைக்கிளில் வருகிறவன், பேப்பர் போடுகிறவன், குப்பை அள்ள வருகிற அம்மா: கடிபடுவது இவர்கள்தான். நாயைப் பற்றி வாட்ஸ்அப்பில் முடிவு சொல்கிற நாமோ கார்க் கதவைத் திறந்து ஏறி, கார்க் கதவைத் திறந்து இறங்குகிறவர்கள். இந்த விஷயத்தில் அவர்களைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதில் ஏழு பேருக்கும் ஒரே கருத்து.

அந்தப் பையனுக்கு அன்று என்ன செய்தோம் தெரியுமா? ஒருவர் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பினார். இன்னொருவர் காபித்தூள் வைத்துக் கட்டினார். ஒரு ஊசி போட்டுக்கொண்டான். இரண்டாவதுக்குப் போனால் அரைநாள் கூலி போகும் என்று விட்டுவிட்டான். இது இப்போது விசாரித்தபோதுதான் தெரிந்தது. கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நோயில்லாமல் நடமாடினால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருக்காது என்பது மருத்துவக் கணக்கு. செவலை இதோ, ஆறேழு மாதம் கழித்தும் நம் கண்முன் கிடக்கிறது. அதனால்தான் இன்றைக்கு நாம் நிம்மதியாக மூச்சு விடுகிறோம். மறுநாளே அதை விரட்டியிருந்தால்? ‘கடித்த நாய் எங்கே’ என்று டாக்டர் கேட்டால் எந்தத் தெருவைக் காட்டியிருப்போம்?

ஆகவே தயவுசெய்து இதை மட்டும் மனத்தில் வையுங்கள். செவலையோ வேறு நாயோ, யாரைக் கடித்தாலும் முதலில் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, 15 நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே ஊசி. பிறகு 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவார்கள், அதற்கும் ஒத்துக்கொள்ளுங்கள். நாய் நலமாக இருக்கிறதே என்று ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதை டாக்டர் சொல்லட்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் இன்னும் பயமுறுத்துகிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் ஒரு காலத்தில் தயாரித்தார்கள். 2004-ம் ஆண்டோடு அது இந்தியாவில் நின்றுபோயிற்று. இப்போது போடுவது கையில். நோயின் அறிகுறி தெரிந்தபிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்பதால் இதில் சோம்பலுக்கு இடமில்லை. பால்காரப் பையனின் அரைநாள் கூலியை இனி நாங்கள் தருவோம். தெருவுக்கு வேலைக்கு வருகிற எவருக்கும் அப்படியே.

சரி, செவலை. முனை வீட்டு மோட்டார் ரூமை ஒட்டிய தகரக் கொட்டகையை வீட்டுக்காரர் (ஏழு பேரில் ஒருவர்) ஆறு வாரத்துக்குக் கொடுத்திருக்கிறார். அங்கே வைத்து மருந்து கொடுப்போம். இந்தச் சொறி மனிதர் தோலிலும் சில நாள் அரிப்பை உண்டாக்கும், ஆனால் நம்மிடம் தங்கிப் பெருகாது. அதுவரை பிள்ளைகளைக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். தோல் ஆறியதும் மாநகராட்சிக்குச் சொல்லிக் கருத்தடையும் தடுப்பூசியும். பிறகு அதே தெருவுக்கு, காதில் வெட்டோடு திரும்பி வரும். மருந்துச் செலவு எங்களுடையது. உங்களிடம் பணம் கேட்கவில்லை.

‘அவ்வளவு அக்கறை இருந்தால் வீட்டுக்குள் வைத்து வளர்க்க வேண்டியதுதானே’ என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்களில் மூன்று பேர் வாடகை வீட்டில் இருக்கிறோம், வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஒருவர் வீட்டில் மூச்சிரைப்பு உள்ள குழந்தை. இன்னொருவர் ஒருநாள் கட்டிப்போட்டுப் பார்த்தார். ராத்திரி முழுக்க ஊளை, கேள்வி கேட்டவரே எழுந்து வந்து அவிழ்த்துவிடச் சொன்னார். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த கதை என்பார்களே, இது நடுவீட்டுக்கு ஆசைப்படாத நாய். அதற்கு வேண்டியது புங்க மர நிழல்.

பள்ளிக்கூடத்து விஷயம் கொஞ்சம் சிக்கலானது. வெயில் ஏறினால் செவலை தெருக்கோடிப் பள்ளியின் மதிலோரம் போய்ப் படுக்கும், கேட் திறந்திருந்தால் உள்ளேயும் போகும். பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களுக்குள் திரியும் நாய்களைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்று 2025 நவம்பர் 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அந்தக் கறார் தேவைதான். சோறு எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் நாய் கிடக்கும். ஆகவே இனி தெருநாய்களுக்குச் சோறு டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால், பள்ளிக்கு எதிர்க்கோடியில், காலை ஐந்தரைக்கும் இரவு ஒன்பதுக்கு மேலும் மட்டும். வேறு எங்கேயும், வேறு நேரத்திலும் யாரும் எதையும் போட வேண்டாம். கோழிக்கடைக்காரரிடம் பேசியாயிற்று, கழிவை மூடிய டிரம்மில் வைக்கிறேன் என்றிருக்கிறார். மூடாத அன்று அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

வெந்நீர், கல், விஷம் வைத்த சோறு, மூன்றும் வேண்டாம். விலங்கைக் கொல்வதற்கும் முடமாக்குவதற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. நாங்கள் போலீசுக்குப் போகிற ஆட்கள் இல்லை, போகவே மாட்டோம் என்று வாக்குக் கொடுக்கவும் இல்லை. வீட்டு நாய் வைத்திருக்கிற நான்கு குடும்பங்களும் அதன் தடுப்பூசி அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரு பகுதியில் பத்துக்கு ஏழு நாய்க்காவது ஊசி போட்டிருந்தால் வெறிநோய் பரவாமல் நிற்கும் என்கிறார்கள். நம் தெருவில் வீட்டு நாயும் தெருநாயும் சேர்த்து எண்ணினால் பதினொன்று. அதில் ஊசி போட்டவை எத்தனை என்று நாங்கள் வீடு வீடாக வந்து கேட்கப் போகிறோம். கதவைத் திறங்கள்.

ஆறு வாரத்துக்குக் கொட்டகையில் செவலைக்குக் காலை, இரவு என்று முறை வைத்துச் சோறு கொடுக்க ஆள் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டிரான்ஸ்பார்மர் அருகில் கூடுகிறோம். செவலையை விரட்ட வேண்டும் என்கிறவர்கள் கட்டாயம் வாருங்கள். பால்காரப் பையனும் வருகிறேன் என்றிருக்கிறான், முதலில் அவன் பேசுவான். வரும்போது பழைய சாக்கு, கிழிந்த பெட்ஷீட், ஓரம் நசுங்கிய அலுமினியத் தட்டு இருந்தால் கொண்டு வாருங்கள். பிஸ்கட் வேண்டாம்.

இப்படிக்கு,
இதே தெருவில் குடியிருக்கும் ஏழு பேர்