டிஸ்டிங்ட் போட்டா சரியாயிடுமா?

டேட்டாபேஸ் லேபில் நம்மிடையே ஒரு வைத்தியம் உண்டு. இரண்டு டேபிளை ஜாயின் செய்து குவரியை ஓட்டினால், 60 பேர் உள்ள வகுப்புக்கு 180 ரோ வந்து நிற்கும். உடனே பக்கத்து ஆள், "செலக்ட் பக்கத்துல ஒரு டிஸ்டிங்ட் போடுடா, சரியாயிடும்" என்பான். போட்டதும் 60 ஆகிவிடும். ரெக்கார்டிலும் கையெழுத்து விழுந்துவிடும். 180 ஏன் வந்தது என்று மட்டும் யாரும் கேட்கமாட்டோம். இது வைத்தியமே இல்லை என்பது என் கட்சி.

ஒரு கணக்குப் பாருங்கள். மாணவர் டேபிளோடு கட்டணம், நூலக அபராதம் இரண்டையும் பதிவு எண்ணை வைத்து ஒரே குவரியில் சேர்க்கிறோம். ஒருவன் 500, 500 என்று இரண்டு தவணை கட்டியிருக்கிறான். மூன்று முறை அபராதமும் கட்டியிருக்கிறான் (படிக்கிற பையன்தான், புத்தகத்தைத் திருப்பித்தான் தரமாட்டான்!). இரண்டும் மூன்றும் பெருகி 6 ரோ ஆகும். கட்டணத்தைக் கூட்டினால் 3000 வரும். கட்டியதோ 1000. சரி, கூட்டலுக்குள்ளே டிஸ்டிங்ட் போடுவோம் என்றால் 500தான் வரும். தொகை ஒன்றாக இருப்பதால் இரண்டு தவணையும் ஒன்றாகிவிடும். அப்புறம் பாக்கி இருக்கிறது என்று அவனுக்கு ஹால் டிக்கெட்டை நிறுத்திவிடுவார்கள். கட்டணத்தையும் அபராதத்தையும் தனித்தனியே குரூப் பை போட்டு, ஆளுக்கு ஒரு ரோ ஆக்கி, அதன்பிறகு ஜாயின் செய்தால் இந்த வம்பே இல்லை.

ஆனாலும் அதிகமாக வருவது கண்ணில் படும். வராமல் போவதை யார் தேடுவது? உதவித்தொகைப் பட்டியலை வங்கி விவர டேபிளோடு இன்னர் ஜாயின் செய்தால், விவரம் பதிவாகாத பிள்ளைகள் சத்தமில்லாமல் விழுந்துவிடுவார்கள். எரரும் வராது. எக்செலிலிருந்து ஏற்றும்போது பதிவு எண்ணின் முன் சைபர் உதிர்ந்திருந்தாலும் இதே கதிதான். லெஃப்ட் ஜாயின் போட்டு விட்டோம், தப்பித்தோம் என்று நினைத்தால், கீழே வேர் கண்டிஷனில் 'கணக்கு நிலை = சரி' என்று ஒரு வரி எழுதி மறுபடி அவர்களைத் துரத்திவிடுகிறோம். அங்கே இருப்பது நல். நல் எதற்கும் சமமாகாது, இன்னொரு நல்லுக்கும்கூட. பெயரில்தான் நல், செய்வதெல்லாம் வேறு! அந்தக் கண்டிஷனை ஆன் பகுதியில் எழுதினால் எல்லோரும் பட்டியலில் நிற்பார்கள். யாருக்கு விவரம் இல்லை என்பதும் தெரியும்.

இன்னொன்று. ஜாயின், ஆன் என்று எழுதும் முறை 1992 எஸ்.க்யூ.எல். தரத்திலேயே வந்தாச்சு. நம்மில் பலர் இன்னும் கமா போட்டு டேபிள் பெயர்களை அடுக்குகிறோம். அதில் ஒரு கண்டிஷன் மறந்தால் போதும், 60 பேரும் 300 மார்க்கும் பெருகி 18,000 ரோ! ஆரக்கிளிலும் போஸ்ட்கிரஸிலும் வெறும் ஜாயின் எழுதி ஆன் மறந்தால் எரர் காட்டி நிறுத்திவிடும்.

எனவே ஒரு கோரிக்கை. டேபிளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கவுண்ட் எடுத்து, எண்ணிக்கை ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று ரெக்கார்டில் எழுதவேண்டும். அதற்கென்று லேப் மதிப்பெண்ணில் ஒரு ஐந்தை நம் துறை ஆசிரியர்கள் ஒதுக்கட்டும். அவுட்புட்டை மட்டும் ஒட்டி வருபவர்களுக்கு அந்த ஐந்து கிடையாது என்றும் சொல்லிவிடட்டும்.