செவப்பு இல்லன்னா பயமில்லையாம்!

"செவப்பு போட்டிருந்தாத்தான் பெரிப்பா விஷம். இது மஞ்சா. பயப்படாம அடிங்க."

செஞ்சி பக்கம் அனந்தபுரத்தில் ஒரு உரக்கடையில் போன வாரம் என் காதில் விழுந்த ஞானோபதேசம் இது. கேட்டுக்கொண்டவர், மல்லாட்டைக் கொல்லை வரப்பில் மண்டிய புல்லைக் கருக்க மருந்து வாங்க வந்த பெரியவர். கொடுக்கப்பட்டது பாராகுவாட் களைக்கொல்லி. தலையை ஆட்டிவிட்டு, வெல்லத்துக்கும் துவரம்பருப்புக்கும் நடுவில் பாட்டிலைச் சொருகிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். வயிறு எரிந்தது எனக்குத்தான்.

இந்தக் கலர் ஜோசியம் அந்த ஒரு கடையின் சொத்து இல்லை. செஞ்சி வட்டாரத்தில் எந்தக் கொல்லையில் கேட்டாலும் இதே பாட்டுதான். சிவப்பு என்றால் எமன், மஞ்சள் என்றால் எமனுக்கு ஒன்றுவிட்ட தம்பி, நீலம் என்றால் தூரத்துப் பங்காளி, பச்சை என்றால் பத்தியச் சாப்பாடு. படிக்காதவர்கள்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். வேளாண்மை படித்துப் பட்டம் வாங்கியவர்களும் "பச்சை லேபிள்தானே சார்" என்கிறார்கள். சார் என்ன செய்வார், பாவம்?

பாட்டில் லேபிளில் இருக்கும் முக்கோணத்தின் இந்த நிறத்தை முடிவு செய்வது எது தெரியுமா? எலி. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. சோதனைக்கூடத்து எலிகளில் பாதி சாவதற்கு எவ்வளவு உள்ளே போக வேண்டும்? உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் என்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5000 வரை நீலம். அதற்கும் மேல் பச்சை. தோலில் தடவிப் பார்ப்பதற்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அவ்வளவுதான் விஷயம். ஒழுகுகிற டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, சட்டை நனைய நனைய, சித்திரை வெயிலில் வருஷா வருஷம் மருந்து அடிக்கிறவனைப் பற்றி அந்த முக்கோணத்துக்கு ஒன்றும் தெரியாது. பத்து வருஷம் கழித்து வரும் இருமல் தெரியாது. கிணற்றுத் தண்ணீர் தெரியாது. ஏரி மீன் தெரியாது. எலி செத்ததா, எவ்வளவுக்குச் செத்தது, இவ்வளவுதான் தெரியும்.

பாராகுவாட்டுக்கு வருவோம். எலிக் கணக்கில் அது கிலோவுக்குச் சுமார் 150 மில்லிகிராம். ஆகவே மஞ்சள். நம் விதிப்படி மண்டை ஓடும் குறுக்கெலும்பும் சிவப்புக்கு மட்டுமே உரிய மரியாதை. ஆகவே பாராகுவாட்டுக்கு மண்டை ஓடு கிடையாது. மாற்று மருந்தும் கிடையாது! உள்ளே போய்விட்டால் நுரையீரல் இறுகிப்போவதை மருத்துவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். ஒடிசாவின் பூர்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2019இல் இந்த மருந்தைத் தடை செய்யச் சொல்லிப் போராட்டத்தில் இறங்கினார்கள். மருத்துவரே கையை விரித்த சரக்கைத்தான் நம் கடைக்காரர் "மஞ்சாதான்" என்கிறார்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. மஞ்சள் முக்கோணத்துக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'பாய்சன்' என்று அச்சடிக்க வேண்டும் என்று அதே விதியே சொல்கிறது. விஷம் என்று லேபிளே கத்துகிறது. அதைக் கேட்பாரில்லை, நிறத்தைப் பார்த்துச் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். கத்துவதற்குச் சட்டம் வற்புறுத்தும் இடமாவது தாராளமா? முகப்பில் பதினாறில் ஒரு பங்கு இருந்தால் போதுமாம். மிச்ச இடத்தில் பயிர் படம், பேர், பெருமை.

உலகம் என்ன செய்கிறது? 1992இல் ரியோ மாநாட்டில் பேச்செடுத்து, 2003இல் ஐ.நா. ஒரு பொது முறையை வெளியிட்டது. சிவப்புக் கரை போட்ட ஒன்பது சாய்சதுரப் படங்கள். எலிக் கணக்கோடு நிற்காமல் மூச்சில் போனால் என்ன, நாள்பட்டால் எந்த உறுப்பு கெடும், நீர்நிலை என்னாகும் என்று தனித்தனியே கேட்கிற முறை. இதே பாராகுவாட்டுக்கு ஐரோப்பாவின் வகைப்பாட்டில் மண்டை ஓடு உண்டு. மார்பில் வெடிப்பு விழுந்த மனித உருவம் உண்டு. செத்த மீனும் பட்ட மரமும் உண்டு. அங்கே மூன்று படம், இங்கே ஒரு மஞ்சள். அனந்தபுரத்துக்காரன் நுரையீரலை வேறு மண்ணில் பிசைந்து செய்தார்களா?

லேபிளோடு நிற்காமல் மருந்தையே ஒழித்தவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்து 1989இல் தூக்கி எறிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் கைகழுவியது. பக்கத்து இலங்கை 2008 முதல் 2011க்குள் படிப்படியாக நிறுத்தியது. கேரளம் 2011இல் தடுத்தது. தமிழ்நாடு 2023இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை போட்டது. எத்தனை நாளைக்கு? அறுபது நாளைக்கு! மாநிலத்துக்கு மத்தியச் சட்டம் கொடுத்திருக்கிற அதிகாரம் அவ்வளவுதான், விசாரணை முடியாவிட்டால் இன்னொரு முப்பது. விஷம் தொண்ணூறு நாள் விடுப்பில் போய்வரும் போலிருக்கிறது. அந்த ஆறில் பாராகுவாட் இல்லை.

செஞ்சிக் கோட்டையை 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம். ராஜகிரிக் கல்லுக்குச் சர்வதேசத் தரம் வந்துவிட்டது. அதே தாலுகாவில் மருந்தடிக்கிறவன் மூச்சுக்கு வர இன்னும் எத்தனை மாநாடு வேண்டும்?

பாட்டிலாவது ஒழுங்காகக் கைக்கு வருகிறதா? "பாதி போதும்" என்றால் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரும் கடைகள் இருக்கின்றன. அப்போது மஞ்சளும் இல்லை, முக்கோணமும் இல்லை. தெருவில் சைக்கிளில் வரும் கக்கூஸ் ஆசிட் கதையும் இதேதான். காலியான டப்பாவைக் கழுவி எண்ணெய் வைக்கிறவர்கள் பீகார் சாப்ராவை நினைத்துக்கொள்ளட்டும். 2013 ஜூலையில் அங்கே பள்ளிச் சத்துணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. அது சிவப்பு முக்கோண மருந்து, மண்டை ஓட்டோடு வந்தது. அந்த மண்டை ஓடே குழந்தைகளைக் காப்பாற்றவில்லை. மண்டை ஓடும் இல்லாத பாராகுவாட்டை நாம் பருப்புப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம்!

ஆகவே மருந்து வாங்கப் போனால் நிறத்தைக் கேட்காதீர்கள். இது உள்ளே போனால் மாற்று மருந்து உண்டா, மேலில் பட்டால் என்ன ஆகும், இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் காசைத் திருப்பி வாங்குங்கள். பாராகுவாட்டை மத்திய அரசு மொத்தமாக நிறுத்தட்டும். அதுவரை மண்டை ஓட்டையாவது போடட்டும். இல்லை, மஞ்சள் ஒன்றும் செய்யாது என்று இன்னும் யாராவது அடம்பிடித்தால், அதிகாரியோ வியாபாரியோ, ஒழுகுகிற டேங்கை அவர் முதுகில் மாட்டி உச்சி வெயிலில் ஒரு ஏக்கர் அடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். மஞ்சள்தானே!