கீழாநெல்லியும் பகுத்தறிவும்

இராமேஸ்வரம் என்றாலே நம் ஜனங்களுக்கு 22 தீர்த்தங்களின் ஞாபகம் வருகிறது. பாவம் தீரும், நோய் தீரும் என்று வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்ளுகிறார்கள். அதன் யோக்கியதையை நாம் பல முறை எழுதியிருக்கிறோம். இன்று எழுத வந்த விஷயமோ கோவிலுக்குள் இருப்பதல்ல, வரப்போரத்தில் முளைத்திருப்பது. அதுதான் கீழாநெல்லி.

சமீபத்தில் பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் கிராமமொன்றிற்குப் பிரசாரத்திற்காகப் போயிருந்தோம். அங்கே ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு, ஹெப்படைட்டிஸ் பி என்னும் ஈரல் வைரஸ் இருப்பதாக இரத்தப் பரிசோதனையில் தெரிந்திருந்தது. “காமாலைக்குக் கீழாநெல்லி இருக்கையிலே, பிறக்கிற பச்சைப் பிள்ளைக்கு ஊசி எதுக்குத் தம்பி?” என்று அவளுடைய மாமியார் நம்மைக் கேட்டார். அந்த அம்மாள் மந்திரிக்க வந்தவனை வாசலிலேயே விரட்டியவர். அப்படிப்பட்டவருக்கே இந்தச் சந்தேகம் என்றால் மற்றவர்களைப்பற்றிக் கேட்பானேன்? ஆகவே அவருக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறோம்.

முதலாவது, காமாலை என்பது ஒரே வியாதியல்ல. கண்ணும் மூத்திரமும் மஞ்சளாவது ஓர் அடையாளம் மாத்திரமே. அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வரும் ஏ, ஈ என்ற வைரஸ்களால் உண்டாகும் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். (ஈ வகை கர்ப்பிணிகளுக்கு மிகவும் ஆபத்தானது.) பி வைரஸும்கூட, வயது வந்த பிறகு தொற்றினால் 100 பேரில் சுமார் 95 பேர் உடம்பிலிருந்து தானே நீங்கிவிடுகிறது. இப்படியிருக்க, எந்தப் பச்சிலையைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைக்காமல் போகுமா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைப் பனங்காட்டுச் சீமையாருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. மாம்பட்டைச் சாற்றைக் கையில் தடவிக்கொண்டு, சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீர் மஞ்சளானதும் “காமாலை இறங்கிவிட்டது” என்று காசு வாங்குகிறவனும் இந்தத் தானாகத் தீரும் தன்மையை வைத்துத்தான் பிழைக்கிறான்.

அப்படியானால் கீழாநெல்லி பொய்யா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லுவதும் பகுத்தறிவாகாது. சோதித்துப் பார்க்கவேண்டும், சோதித்தும் பார்த்தார்கள். பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும், சென்னை சர்வகலாசாலையைச் சேர்ந்த தியாகராஜனும் கூட்டாகச் செய்த ஆராய்ச்சி 1988-ல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்தது. வைரஸை நெடுநாளாகச் சுமந்திருந்தவர்களில் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் இரத்தத்தில் மறைந்ததென்றும், வெறும் போலி மாத்திரை உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்ததென்றும் கண்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதே செடியைக் கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பல சோதனைகளையும் ஒன்றுசேர்த்து 2011-ல் சீர்தூக்கிப் பார்த்தவர்கள், போலி மருந்தைவிடக் கீழாநெல்லி மேலானது என்பதற்கு நம்பத்தக்க ருஜு இல்லையென்றே முடிவு கூறினார்கள்.

இதைச் சொன்னால் சில தமிழ் அன்பர்களுக்குக் கோபம் வருகிறது. “நம் முன்னோர் வைத்தியத்தை இழிவுபடுத்துகிறீர்களா?” என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: சம்ஸ்கிருதத்தில் எழுதியதால் வேதம் பிரமாணம் என்றவனை எதிர்த்த நாம், தமிழில் எழுதியிருப்பதால் ஒன்றைப் பிரமாணம் என்று ஒப்புக்கொள்ளலாமா? நமக்குப் பெருமை தருவது, நம் நாட்டுச் செடியை எண்ணிக்கைக்கும் பரிசோதனைக்கும் உட்படுத்திய அந்த முயற்சியேயாகும். சின்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவும், சீனத்துப் பச்சிலையொன்றிலிருந்து மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினினும் கிடைத்தன. பின்னதற்காக தூ யூயூ என்ற அம்மையார் 2015-ல் நோபல் பரிசு பெற்றார். பழைய ஏட்டில் இருந்ததற்காக அப்பரிசு கொடுக்கப்படவில்லை; நோயாளிகளிடத்தில் ருஜுவானதற்காகவே கொடுக்கப்பட்டது. கீழாநெல்லியிலிருந்தும் நாளை ஒரு மருந்து கிடைக்கலாம். கிடைத்தால் முதலில் கொண்டாடுகிறவர்கள் நாமாகவே இருப்போம்.

ஆனால், பிறக்கப்போகும் பிள்ளை நாளைவரையில் காத்திருக்காது. பிறக்கும்போது தாயிடமிருந்து இந்த வைரஸ் தொற்றிய குழந்தைகளில், ஊசி போடாவிட்டால், 100-க்கு 90 பேர் அதை ஆயுள் முழுவதும் சுமக்க நேரிடுகிறது. அவர்களில் பலர் நடு வயதில் ஈரல் சுருங்கியும், ஈரலில் புற்று வந்தும் மடிகிறார்கள். பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தடுப்பூசியும், பிறகு முறைப்படி மற்ற ஊசிகளும் போட்டால் பெரும்பாலான குழந்தைகள் தப்பிவிடுகிறார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை. தாயின் வைரஸை அடக்கவும் டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் உண்டு. சி வைரஸுக்குத் தடுப்பூசி இல்லையென்றாலும், 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 100-க்கு 95 பேருக்குமேல் குணமாகிறது. 2018 முதல் இவற்றிற்கெனத் தேசியத் திட்டமொன்றும் நடந்துவருகிறது.

அந்த மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “யோசிக்கிறேன் தம்பி” என்றார். யோசிக்கிறேன் என்றதே நமக்குப் போதும். பிரசவத்திற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இயக்கத் தோழர்கள் இக்கடற்கரையில் கூட்டம் போடும் இடங்களிலெல்லாம், கடவுளைப்பற்றிப் பேசுமுன் இந்த 24 மணி நேரக் கணக்கைச் சொல்லிவிட்டுப் பேசும்படி வேண்டிக்கொள்ளுகிறோம்.