திருப்புளியைக் கீழே வையுங்கள்

ஷார்ஜாவின் தொழிற்பேட்டையான சனையாவுக்குள் பழைய வண்டி ஒன்று உதறிக்கொண்டு வந்து நின்றால், மெக்கானிக்கின் கை முதலில் போவது கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவுக்குத்தான். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 1984 வரை வந்த டொயோட்டா லேண்ட் க்ரூஸர் பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் ‘2எஃப்’ எஞ்சின் ஐடிலிங்கில் தடுமாறினால் நான் முதலில் சந்தேகப்படுவது வேக்குவம் ஹோஸை. ஜூலையில் வெளியே 45 டிகிரி. பானட்டுக்குள் அதைவிடக் கொடுமை. ரப்பர் அப்பளமாகி வெடித்து, கணக்கில் வராத காற்றை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு ஹோஸாக விரலால் அழுத்திப் பிடியுங்கள். உதறல் எங்கே அடங்குகிறதோ, ஓட்டை அங்கே. அடுத்து பாயின்ட், பிளக். பிளக் கரியாகக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம்; வெளுத்திருந்தால் காற்று அதிகம். ஐடில் ஜெட்டில் அடைத்த தூசியைத் தேடுவதெல்லாம் இதற்குப் பிறகுதான். மத்தியானம் மட்டும் படுத்துவிட்டு, சாயங்காலம் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிற வண்டியா? அந்த 2எஃப் எஞ்சினில் கார்ப்பரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதிக்கிறது. முந்தைய மெக்கானிக் வேண்டாமென்று கழற்றி எறிந்தாரே ஹீட் ஷீல்டு, அதைத் தேடிப் பூட்டுங்கள்.